சிவப்பு மூடி ஜாடி

காலை 8.10. ஆய்வகத்தின் அலமாரியைத் திறந்த ஆராய்ச்சிக்காரம்மா அப்படியே நின்றுவிட்டார். நீல மூடி ஜாடி இருந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய சிவப்பு மூடி ஜாடியைக் காணோம். பூட்டு உடைபடவில்லை.

8.55. இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைவதற்குள் பேராசிரியர் பிடித்துக்கொண்டார்.

"நாலு வருஷ உழைப்பு சார்! வெண்டைக்காயோட வழவழப்புல இருக்கிற பாலிசாக்கரைடுங்கிற சத்தைப் பிரிச்சுத் தூளாக்கி வெச்சிருக்கோம். செல்லெல்லாம் துருப்பிடிக்கிற மாதிரி கெட்டுப்போறதை அது தடுக்குது. விஷத்தால ஈரல் கெட வேண்டிய எலிங்க பிழைச்சிருக்கு. இது போட்டிக்காரன் வேலைதான்!"

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

ஆராய்ச்சிக்காரம்மா பதில் சொன்னார். "பன்னிரண்டு நாள் முன்னாடி. புதுச் சோதனைச் சுற்றுக்குத் தேவையான தூளை ரெண்டு ஜாடியிலிருந்தும் எடுத்துட்டு, நான்தான் பூட்டினேன்."

"சாவி?"

"எனக்கு ஒண்ணு, சாருக்கு ஒண்ணு. எலித்தீனியும் அதுக்குள்ளதான் இருக்கு. அதனால கூண்டு பாத்துக்கிறவர்கிட்டயும் ஒண்ணு. அவர் தினமும் திறப்பார்."

9.10. கூண்டு பார்ப்பவர் தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். பாதிக் கூண்டுகளில் சிவப்பு அட்டை, பாதியில் நீலம்.

"சிவப்பு அட்டைக்குச் சிவப்பு ஜாடித் தூள், நீலத்துக்கு நீலம். அவ்வளவுதான் சார் எனக்குத் தெரியும்."

"போன சுற்றுல எது பிழைச்சுது?"

"சிவப்பு சார். ஒண்ணுகூடச் சாகல. நீலத்துல பாதிக்கு மேல போயிடுச்சு. நான்தானே எடுத்துப் போட்டேன்."

9.25. நடையில் ஆராய்ச்சிக்காரம்மா குரலைத் தாழ்த்தினார். "சார், ஒரு ஜாடியில மருந்து. இன்னொண்ணுல வெறும் சோளமாவு. எது எதுன்னு தெரிஞ்சா பாரபட்சம் வந்துடும். அதனால சுற்றுக்குச் சுற்று மூடியை மாத்திடுவேன். மாத்துவேன்னு பேராசிரியருக்குத் தெரியும். எதை எதுல வெச்சேன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

"இப்போ சிவப்புல என்ன?"

"சோளமாவு."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. மறுகணமே அடங்கிவிட்டது. பக்கத்தில் மருந்தை விட்டுவிட்டு மாவைத் தூக்கிப்போக யாருக்கு மனசு வரும்?

"நீங்க எடுத்திருந்தா நீலத்தை எடுத்திருப்பீங்க. உங்க சாரோ போட்டிக்காரனோ ரெண்டையும் வாரியிருப்பாங்க. சிவப்பை மட்டும் எடுத்தவருக்கு மூடி மாறுற விஷயமே தெரியாது. ஆனா போன தடவை சிவப்பு பிழைச்சது தெரியும். தினமும் அலமாரியைத் திறக்கிறவர், ஜாடி இல்லைன்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா?"

ஆராய்ச்சிக்காரம்மா அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரம் முன்பு, "வீட்டுல உடம்பு சரியில்லம்மா" என்று அந்த மனிதர் விடுப்புக் கேட்டு நின்றார். தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டதுதான் நினைவுக்கு வந்தது. என்ன உடம்புக்கு என்று கேட்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

9.40. கூண்டு பார்ப்பவர் மறுக்கவில்லை.

"வீட்டுக்காரிக்கு ஈரல் சார். கண்ணெல்லாம் மஞ்சள். எலியைக் காப்பாத்தினது அவளைக் காப்பாத்தாதான்னு..."

"டாக்டர் குடுத்த மாத்திரை?"

"போட்டாலே வாந்தி எடுக்கிறா. இது கிடைச்சதும் அதை நிறுத்திட்டோம். பத்து நாளாச்சு."

ஆராய்ச்சிக்காரம்மாதான் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணே, அது வெறும் சோளமாவு."

கூண்டு பார்ப்பவர் கையிலிருந்த புட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். அதுவரை கத்திக்கொண்டிருந்த பேராசிரியர் மருத்துவமனையின் எண்ணைச் சுழற்றினார்.

"கேஸ் கிடக்கட்டும். வண்டியில ஏறுங்க, வீட்டுக்கு வழி சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

வாசல்வரை போன கூண்டு பார்ப்பவர் திரும்பினார். "கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களாம்மா?"

"மாட்டேண்ணே. மனுஷங்களுக்கு அது ஒத்துக்குமான்னே இன்னும் தெரியாது. ஆனா மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்கன்னு சொல்லியிருப்பேன்."