கழித்தது போக மிஞ்சிய மூச்சு

அக்கா இருமினாள். ஹெட்போனில் இருமல் கேட்டது; அதனடியில் மூச்சும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. இருமுகிறவளுக்கு மூச்சு எப்படிச் சீராக ஓடும்?

கணினியில் ஏதோ தாமதம் என்று நினைத்துக்கொண்டான். மூன்று நாளாக அப்படித்தான் நினைத்துக்கொள்கிறான்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அக்காவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. நின்றால் உடனே எழுப்ப வேண்டும், தவறினால் பிழைக்க மாட்டாள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டில் இருவர்தான். அவள் தலைமாட்டில் ஒரு மைக்கை வைத்து, கம்பியை நடைவழியாகத் தன் மேசை வரை இழுத்திருந்தான். ஆக்சிஜன் இயந்திரத்தின் ஓயாத உறுமலை நீக்க அவனுடைய ப்ளகின், ஒலியைச் சுத்தம் செய்யும் சிறு மென்பொருள், இருந்தது. லினக்ஸ் கணினியில் பாட்டுப் பதிகிறவர்களுக்காக ஆறு வருடம் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்திக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்திருப்பது. வேண்டாத இரைச்சலைப் பத்து நொடி சாம்பிள் கொடுத்தால் போதும். அதில் உள்ள ஓசைகளையெல்லாம் அது பிறகு கழித்துவிடும்.

"என் மூச்சுக்கும் புரோகிராம் எழுதிட்டியாடா? ஒரு பொண்ணப் பாருன்னா மட்டும் உனக்கு நேரம் இல்ல," என்று அக்கா அன்று சிரித்தாள்.

மாலை நாலு மணி. ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் சாய்ந்து நீண்டுகொண்டிருக்க, காதுக்குள் அந்த மூச்சு மெல்ல உள்ளே போய், சற்றுத் தங்கி, ஈரமாக, பல்லிடுக்கில் உரசுவது போல வெளியே வந்துகொண்டிருந்தபோது, ப்ளகினைச் சோதித்துத் தரும் ஒலிப்பதிவாளர் போனில் அழைத்தார். ஒரு காதை மட்டும் ஹெட்போனிலிருந்து விடுவித்தான்.

"தம்பி, உங்க ப்ளகின் பாடகரையே முழுங்கிடுச்சு."

"என்னண்ணே சொல்றீங்க?"

"சாம்பிள் எடுத்தப்ப மனுஷன் மைக் முன்னாடி மூச்சு வாங்கிட்டு நின்னிருக்கார். இப்ப பாட்டுல அவர் மூச்சே காணோம். பொணம் பாடுற மாதிரி இருக்கு."

"ரூமக் காலி பண்ணிட்டுத்தான் எடுக்கணும்ணே. ஆள் இருக்கும்போது எடுத்தா, அவங்க மூச்சும்..."

நிறுத்தினான். அவர் "தம்பி? தம்பி?" என்றார். போனை வைத்துவிட்டான்.

மூன்று நாள் முன்பு அவன் சாம்பிள் எடுத்தபோது, அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பத்து நொடியைத் திறந்து கேட்டான். உறுமல். அதற்குள் அக்காவின் மூச்சு, குட்டையாக, இளைப்போடு, மூன்று முறை. ஆக, அதையும்தான் கழித்திருக்கிறது. மூன்று நாளாக.

அப்படியானால் இத்தனை நாள் எதைக் கேட்டு நிம்மதியாக இருந்தான்?

ப்ளகினை அணைத்தான். உறுமல். அடியில் அக்காவின் மூச்சு, விட்டு விட்டு. மைக்குக்கு அதைவிட நெருக்கமாக, இன்னொரு மூச்சு.

மறுபடி போட்டான். அந்த இன்னொரு மூச்சு மட்டும்.

அப்போது அக்கா பேசினாள், தூக்கக் கலக்கத்தில்.

"எவ்வளவு நேரம்டா இப்படிக் குனிஞ்சு பாத்துட்டே இருப்ப? போய் வேலையப் பாரு." பிறகு, "டேய், கைய விடு. வலிக்குது."

அவன் இரண்டு கைகளும் விசைப்பலகை மேல் இருந்தன.

"அக்கா! அது நான் இல்லக்கா!"

எழுந்த வேகத்தில் ஹெட்போன் கம்பி பிடுங்கிக்கொண்டது. மேசை ஸ்பீக்கரில் மூச்சு பெரிதாக வெளியே வந்தது. நடைவழி. கதவு. கட்டில்.

அக்கா தனியாகக் கிடந்தாள். கண் பாதி மூடியிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினான். கன்னத்தில் தட்டினான். வாயோடு வாய் வைத்து ஊதினான். மார்பு எழவில்லை.

"அக்கா, எழுந்திருக்கா. திட்டுக்கா. ஏதாவது சொல்லுக்கா."

பின்னால், ஸ்பீக்கரில், மூச்சு வேகமெடுத்தது.

அக்காவின் உடம்பு முழுதும் துவண்டுவிட்டது. வலது கை மட்டும் போர்வைக்கு மேலே, வெறும் காற்றில், மணிக்கட்டில் ஐந்து விரல்கள் அழுத்திப் பிடித்திருப்பது போலத் தோல் குழிந்து, கீழே விழாமல் நின்றது.