நூற்று எழுபத்திரண்டு பவுண்டு

அன்று பட்டறைக்குள் இருந்தவர்கள்: முதலாளி ஓர்வில். வண்டியைப் பிரித்து மாட்டுகிற டெல்பர்ட். சனிக்கிழமை பந்தயத்தில் அதை ஓட்டப்போகிற வெண்டல். மூன்று பேர்தான். வாசல் கதவு சாத்தியிருந்தது.

டெட்ராய்ட்டில் பிப்ரவரி மாதம், பிற்பகல் மூன்று மணி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வண்டியை லாரியிலிருந்து இறக்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. கடையில் நிறுத்தி விற்கிற வண்டி இல்லை. கார் ஆலையில் தனியாகச் சொல்லி, எது நடந்தாலும் கேட்க வரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு வாங்குவது. தூரத்திலிருந்து பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற கார். கிட்டே போனால் முன்பக்கத் தகடெல்லாம் அலுமினியம், கட்டைவிரலால் அழுத்தினாலே குழி விழும். ஹீட்டர் இல்லை. ரேடியோ இல்லை. பின் இருக்கை இல்லை. எஞ்சின் மட்டும் இரண்டு வண்டிக்குக் காணும். கால் மைல் நேராக ஓட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

ஆலை குறைத்த எடை போதாது என்று நினைப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி. வண்டி வந்ததும் டெல்பர்ட் துளைபோடும் மெஷினை எடுப்பான். கதவுச் சட்டம், பெடல், எங்கே இரும்பு சும்மா இருக்கிறதோ அங்கே ஓட்டை. இந்த வண்டிக்கும் போட்டான். ஓட்டுகிறவனின் இருக்கையைத் தரையோடு பிடிக்கிற தாங்கிகளிலும் போட்டான். போன வருஷ வண்டியில் போட்ட அதே இடத்தில். போடாமல் விட்டால் ஏன் என்று ஓர்வில் கேட்பார். பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

போன வருஷ வண்டியை ஓட்டியவன் கிளைட், வெண்டலின் அண்ணன். கிளம்பிய வேகத்தில் இருக்கை பின்னால் பிய்த்துக்கொண்டு போனது. ஸ்டியரிங் கைக்கு எட்டவில்லை. வண்டி தடுப்புச் சுவரில் போய் மோதியது. கிளைட் அங்கேயே செத்தான். குடித்துவிட்டு ஓட்டினான் என்றார்கள். நொறுங்கிய வண்டிக்குள் முதலில் கையை விட்டவன் டெல்பர்ட். தாங்கிகள் ஓட்டைகளின் வரிசையில் கிழிந்திருந்தன. அவற்றைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எடைத்தட்டு வைத்தார்கள். ஓர்வில் குனிந்து முட்களைப் படித்துக் கூட்டினார்.

"மூவாயிரத்து இருநூறு பவுண்டு வரணும். நூத்தி எழுபத்திரண்டு கூட வருது. உள்ள எவனாவது தூங்குறானா பாருய்யா."

வெண்டல் எட்டிப் பார்த்தான். "யாரும் இல்ல முதலாளி."

"எந்தப் பக்கம் கூடுது?" என்றான் டெல்பர்ட்.

"இடது பக்கம். ஓட்டுறவன் பக்கம்."

தட்டுகளை மாற்றிப் போட்டார்கள். அப்போதும் இடது பக்கம்தான்.

"நான் ஏறிப் பாக்குறேன்" என்று வெண்டல் ஏறி உட்கார்ந்தான்.

முள் அசையவில்லை.

"உன் வீட்ல சோறே போடமாட்டாங்களாடா?" என்றார் ஓர்வில். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

வெண்டல் இறங்கினான். அப்போதும் முள் அசையவில்லை.

"சீட்டு சூடா இருக்கு" என்றான். உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

தட்டு பழுது என்று சொல்லி, விற்றவனுக்குப் போன் போட ஓர்வில் மாடிக்குப் போனார். டெல்பர்ட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். போன வருஷம் எல்லாவற்றையும் எடை போட்டபோது கிளைட்டையும் நிறுத்தி எடை போட்டிருந்தார்கள்.

நூற்று எழுபத்திரண்டு.

"டெல்," என்றான் வெண்டல், மெதுவாக. "அம்மா இன்னும் கேக்குறா. அன்னைக்கு அவன் குடிச்சிருந்தானான்னு. கோயில்ல அவ பக்கத்துல யாரும் உக்கார்றதில்ல. நீங்கதான அவனுக்கு பெல்ட் மாட்டி விட்டீங்க. வாடை அடிச்சுதா?"

"கவனிக்கல தம்பி."

வெண்டல் தலையாட்டினான். காபி வாங்கப் போனான்.

டெல்பர்ட் வண்டிக்குள் தலையை விட்டான். புதினா வாசமடிக்கும் மெல்லுகிற புகையிலை நெடி, கிளைட் எப்போதும் வாயில் அடக்கியிருப்பது. இருக்கையின் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் அமுங்கியது, யாரோ இடம் ஒதுக்கி உட்கார்ந்த மாதிரி.

அவனுக்குப் பயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

இருக்கையைக் கழற்றினான். ஓட்டை போட்ட தாங்கிகளை எடுத்துவிட்டு, ஓட்டையே இல்லாத கனத்த இரும்பில் இரண்டு மாட்டினான். இருக்கையைத் திரும்பப் பூட்டினான். வெளியே வந்து முட்களைப் படித்தான்.

மூவாயிரத்து இருநூற்று இரண்டு.

புதிதாக மாட்டிய இரும்புக்கு இரண்டு பவுண்டு என்று கணக்குப் போட்டான். ஓர் ஆள் எடை குறைந்திருந்தது.

வெண்டல் காபியோடு வந்து முட்களைப் பார்த்தான். நம்பாமல் வண்டியில் ஏறினான். முள் ஒழுங்காக ஏறியது. இறங்கினான், இறங்கியது.

"என்ன மாத்துனீங்க?"

சொல்ல நேரம் இருந்தது. மாடியில் ஓர்வில் போனில் கத்திக்கொண்டிருந்தார். வெண்டலின் முகம் கேட்கத் தயாராக இருந்தது. இரண்டு வாக்கியம் போதும். ஓர் அம்மாவுக்கு அது போதும்.

"ஒண்ணும் மாத்தல. தட்டுல அழுக்கு. துடைச்சேன்."

இவன் சாக மாட்டான், அது போதாதா என்று நினைத்துக்கொண்டான். கழற்றிய தாங்கிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பின்பக்கம் பழைய இரும்பு போடும் அறைக்கு நடந்தான்.

நாலாவது அடியில் தோள் கனத்தது.

ஆறாவது அடியில் முழங்கால் மடங்கியது. டெல்பர்ட் ஒல்லியான ஆள். அவன் மிதித்து அந்தப் பலகைத் தரை ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. இப்போது ஒவ்வொரு பலகையும் வளைந்து முனகியது. முதுகில் சூடு. உப்புமூட்டை ஏறிய ஆளின் மார்புச் சூடு.

"டெல்," பின்னாலிருந்து வெண்டல் கூப்பிட்டான். "உங்க மேல என்னது?"

டெல்பர்ட் திரும்பவில்லை. திரும்பினால் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். அறைக்குள் போனான்.

கதவைச் சாத்த அவனிடம் கை இல்லை. இரண்டு கையாலும் துணிமூட்டையைப் பிடித்திருந்தான்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.