ஜும்ஆவுக்குப் பிறகு உருண்ட ஜீப்

போன் அலறியது.

ஜும்ஆ தொழுகை முடிந்து, றக்வான டவுன் ஹோட்டலில் ஜமால்தீன் அப்போதுதான் பிளேன்டீயில் வாய் வைத்திருந்தார்.

"நாநா..." தம்பி பயாஸின் குரல் நடுங்கியது. "ஜீப்பு போயிட்டு."

"ஆரு கொண்டு போன?"

"ஆரும் கொண்டு போகல்ல. அதுவாப் போயிட்டு... கீழ."

ஓடினார்!

பள்ளிவாசல் ஏற்றத்தில் ஜீப் நின்ற இடம் காலி. கீழே, தேயிலைச் சரிவில், நான்கு சக்கரமும் வானத்தைப் பார்க்கக் கிடந்தது ஜீப்.

"உள்ள ஆராச்சும்...?"

"ஒருத்தரும் இல்ல நாநா. கொழுந்து எடுக்கிற பொம்பளைகளும் சாப்பாட்டுக்குப் போய்ட்டாங்க."

அல்ஹம்துலில்லாஹ் என்றார். மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

ஜமால்தீன் கொழுந்து வியாபாரி. மலைப்பாதையெல்லாம் ஏறி இறங்கி மூட்டை சேர்ப்பது அந்தப் பழைய ஜீப்தான். அதைப் புகழாமல் அவர் சோற்றில் கை வைத்ததில்லை. கேட்டவர்கள் சலித்தார்கள், அவர் சலிக்கவில்லை.

பொலிஸ் சார்ஜன் வந்து எட்டிப் பார்த்தார்.

"முதலாளி, ஹேன்ட்பிரேக் விட்டதுதானே?"

"எண்ட ஹேன்ட்பிரேக்கா? இத்தன வருசத்தில ஒரு அங்குலம் அசைஞ்சதில்ல மாத்தயா. ஆரோ கை வெச்சீக்கி."

"யார்?"

ஜமால்தீனின் விரல் எதிர்ப்பக்கம் நீண்டது. அங்கே பளபளவென்று ஒரு புது டபுள் கேப் பிக்கப். அதில் சாய்ந்தபடி ஹார்ட்வேர் கடை மஹ்ரூப்.

வருகிற ஞாயிறு ஜமால்தீனின் மகள் நப்லாவுக்கும் மஹ்ரூபின் மகன் றிஸ்மிக்கும் கல்யாணம். மலை உச்சியில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் எந்த வண்டியில் ஏறிப் போவது என்பதுதான் சம்மந்திகளின் சண்டை. இன்று காலையிலும் நடந்தது.

"ஒங்கட ஜீப்புல சீட் பெல்ட் ஈக்கா மச்சான்?"

"புடிச்சிக்கக் கம்பி ஈக்கி."

"எண்டதில ஆறு எயார்பேக்."

"விழுற வண்டிக்குத்தான் தலகாணி வேணும். ஒங்கடது பழுதானா கொழும்புக்கு ஏத்தணும். எண்டதுக்கு ஒரு துண்டு கம்பி போதும்."

"கல்யாணத்துக்கு முந்தி அத நானே பள்ளத்துல தள்ளி உட்டுடுவன், பாருங்க."

சொன்னாரா இல்லையா? டவுனே கேட்டது!

"மஹ்ரூப் மச்சான்," என்றார் ஜமால்தீன். "ஒங்கட கேமரா இங்கயே பாத்துட்டு ஈக்கி. காட்டுங்க."

டபுள் கேப்பின் முன் கண்ணாடியில் சிவப்பு விளக்கு மினுங்கியது.

மஹ்ரூபின் முகம் மாறியது.

"அது... வேணாம் மச்சான்."

"ஏன் வேணாம்?"

"உடுங்களேன். வேற ஜீப்பு ஒண்டு நானே வாங்கித் தாரன்."

செய்யாதவன் ஏன் வாங்கித் தர வேண்டும்? ஜமால்தீன் சார்ஜனைப் பார்த்தார். "இவர் மேல பொலிஸ் என்ட்ரி போடுங்க மாத்தயா."

மறுபடி போன். நப்லா. செய்தி அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தது.

"வாப்பா, மாமா மேல என்ட்ரி போடப் போறீங்களாமே?" அழுகிறாள். "போட்டா அவங்க வரமாட்டாங்க வாப்பா. இந்தக் கல்யாணம் நடக்காது."

ஜீப்பைவிட மகள் பெரிது. அதில் ஜமால்தீனுக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு குற்றவாளி வீட்டுக்கா அவளை அனுப்புவது?

"மச்சான், காட்டினா என்ட்ரி இல்ல. காட்டாட்டி கல்யாணம் இல்ல."

மஹ்ரூப் பெருமூச்சு விட்டார். கேமராவில் பதிந்ததைப் போனில் எடுத்து நீட்டினார்.

தொழுகைக்கு முன்... ஜீப் வந்து நிற்கிறது. ஜமால்தீன் இறங்கி மிடுக்காகப் பள்ளிக்குள் போகிறார். அவர் தலை மறைந்ததும் பயாஸ் ஒரு பெரிய கல்லைத் தூக்கி வந்து டயருக்கு அடை கொடுக்கிறான்!

"என்ன பயாஸ் இது?"

"எப்பவும் வெக்கிறதுதான் நாநா. நீங்க போன பொறகு வெப்பன், நீங்க வார முந்தி எடுப்பன். ஒங்கட மனசு நோகப்படாதெண்டு சொல்லல்ல."

அசையாத ஹேன்ட்பிரேக்கின் ரகசியம் அம்பலமானது.

"அப்ப அந்தக் கல்ல எடுத்தவன்தான் ஆள்," என்றார் சார்ஜன்.

தொழுகை முடிகிறது. கூட்டம் கலைகிறது. வெள்ளை ஜுப்பா போட்ட ஒருவர் ஜீப் அருகே வருகிறார்... நிற்கிறார்... குனிகிறார்...

கல்லை இரண்டு கையாலும் தூக்கிப் பாதையோர வடிகானுக்குள் போடுகிறார்!

கையைத் தட்டிக்கொள்கிறார். திருப்தியாகத் தாடியைத் தடவுகிறார். திரும்புகிறார்.

ஜமால்தீன்.



இன்றைய குத்பாப் பிரசங்கத்தில் மௌலவி உருகி உருகிச் சொன்னது அதைத்தான். பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவதும் தர்மம். ஜமால்தீனின் மனம் இளகியிருந்தது. வெளியே வந்ததும் ஒரு கல் கண்ணில் பட்டது. அது யார் வண்டிக்கு அடை என்று அவர் யோசிக்கவே இல்லை. தன் ஜீப்புக்குக் கல் தேவைப்படும் என்பது அவர் கனவிலும் நினைக்காத விஷயம். அவர் ஹோட்டலுக்குப் போய்ச் சேரும் வரை ஹேன்ட்பிரேக் மானத்தைக் காப்பாற்றியது. பிறகு கைவிட்டது.

"பொலிஸுக்கு முன்னால ஒங்கள வெக்கப்படுத்த ஏலாமத்தான் வேணாமெண்டன்," என்றார் மஹ்ரூப் மெதுவாக.

ஜமால்தீனுக்குக் கண் கலங்கியது. போனைக் காதில் வைத்தார்.

"மகள்... நீங்க டபுள் கேப்புலயே போங்க."

சார்ஜன் தொப்பியைச் சரிசெய்தார். "சரி. அப்ப நான் யாரப் புடிக்கிறது?"

மஹ்ரூப் சம்மந்தியின் தோளில் கை போட்டார்.

"ஆரையும் புடிக்க வேணாம் மாத்தயா. பாதையில ரெண்டு எடஞ்சல் ஈந்திச்சி. கல்லு ஒண்டு, அந்த ஜீப்பு ஒண்டு. மனுசன் ரெண்டையும் ஒரேயடியா அகத்திட்டாரு."