கேமரா மாமா

வாசலைப் பார்க்க மாட்டியிருந்த கேமரா சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலோரக் கட்டுத்தறியில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே வந்த சிவசங்கரி, ஈரக் கையைத் துடைத்தபடி அப்படியே நின்றாள். வடகரப்பதி ஊரிலிருந்து உள்ளே தள்ளித் தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கும் ஒற்றை வீடு அது. மலைக் கணவாய் வழியாக வரும் காற்று சாயங்காலம் முழுக்க ஓலைகளை உரசிக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்துக்கு அடியில், காது கொடுத்தால் மட்டும் கேட்கிற அளவுக்கு ஒரு சின்ன மோட்டார் முனகியது. கேமராவின் வெள்ளைத் தலை மெல்லத் திரும்பி, அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

லாரியோடு போயிருந்த கணவன் லோகேஷை அழைத்தாள். "ஏனுங்க, போன்ல கேமராவத் திருப்பி வெளையாடறீங்களா?"

"நானா? ஓசூர்ல லோடு எறக்கிட்டிருக்கேன். சங்கரி, கேமராப் பொட்டியில போட்டிருந்த பாஸ்வேர்ட நான் மாத்தவே இல்ல. அப்படியே உட்டா நெட்டுல எவன் வேணா நம்ம ஊட்டப் பாக்கலாமாம். நாளைக்கு மாத்திக்கலாம்னு இருந்துட்டேன். மொதல்ல ஒயரப் புடுங்கு."

ஸ்டூலில் ஏறிப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. படபடப்பு கொஞ்சம் அடங்கியது.

தரையில் பொம்மைகளைப் பரப்பியிருந்த நாலு வயது மகள் நிமி தலையைத் தூக்கினாள். "இனி மாமா பேச மாட்டாங்களா?"

"எந்த மாமா?"

"கேமரா மாமா. அதுக்குள்ள இருந்து தெனமும் பேசுவாங்க. அப்பா எப்ப வருவாங்கன்னு கேப்பாங்க. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க."

சிவசங்கரி ஸ்டூலிலிருந்து இறங்கி மகள் முன்னால் உட்கார்ந்தாள். "இன்னைக்கு என்ன கேட்டாங்க, கண்ணு?"

"பின்கதவத் தொறக்கச் சொன்னாங்க. நீ மாட்டுகிட்ட இருந்தப்பத் தொறந்துட்டேன்."

ஓடினாள்.

பின்கதவு சாத்தியிருந்தது. கீழ்த் தாழ்ப்பாள் போட்டிருந்தது. மூச்சு வந்தது.

பிறகு மேலே பார்த்தாள்.

மேல் தாழ்ப்பாளும் போட்டிருந்தது. பகலில் அவள் அதைப் போடுவதே இல்லை. நிமிக்கு அது எட்டாது.

காற்றில் சென்ட் வாசம். அவள் வீட்டில் இல்லாத வாசம்.

"சங்கரி? என்னாச்சு?" கையில் துண்டிக்காமலிருந்த போனில் லோகேஷ்.

படுக்கையறைப் பக்கமிருந்து ஒரு ஆண் குரல். மெல்ல. கொஞ்சலாக.

"நிமி..."

"வந்துட்டேனுங்க மாமா."

சின்னக் கால்கள் ஓடும் சத்தம். சிவசங்கரி கூடத்துக்குப் பாய்ந்தாள்.

படுக்கையறைத் திரைச்சீலையை ஒரு கை உள்ளிருந்து விலக்கிப் பிடித்திருந்தது, குழந்தை நுழைகிற அளவுக்கு.

உள்ளே இருட்டு.