அடுப்புவரிப் பெட்டி

காலை மணி அடித்ததும் ஆவணக்குகையின் ஊழியர்கள் வாய் கொப்பளித்துவிட்டு, அவரவர் பெட்டிக்கு முன்னால் மூச்சு விட உட்கார்ந்தார்கள்.

நிலவின் பாறைக்கடியில் காற்றில் ஈரமே கிடையாது. பழைய தாள் அந்த உலர்வில் அப்பளம் போல் நொறுங்கிவிடும். ஈரம் ஊட்ட இயந்திரம் வைக்கலாம். ஆனால் அங்கே குடிக்கிற தண்ணீருக்கே அளவு உண்டு. மனிதர் விடும் மூச்சில் எப்படியும் ஈரம் வெளியே போகிறதே, அதைத் தாளுக்குக் கொடுத்தால் என்ன என்று யாரோ யோசித்ததில் வந்தது இந்த மூச்சுமுறை. பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து எதிரில் உட்கார வேண்டும். கடவுள் பெயரைச் சொல்லலாம், மெதுவாகப் பாடலாம். தும்மக் கூடாது.

பூமியில் கடல் ஏறி இங்கிலாந்தின் கிழக்குக் கரை மாவட்டம் ஒன்று தண்ணீருக்குள் போனபோது, அந்த ஊர்க் காப்பகத்தில் இருந்த அறுநூறு ஆண்டுப் பழைய கையெழுத்துகள் எல்லாம் இங்கே வந்தன. உயில்கள், ஊர் வழக்குகள், சமையல் குறிப்புகள், யாரோ எழுதி யாரோ நகல் எடுத்துக்கொண்ட பாட்டுகள். அவற்றை வாசித்துப் பதியும் வேலை திருநெல்வேலிக்காரர்களுக்குக் கிடைத்தது. அந்த மாவட்டத்துச் சந்ததியாருக்கே அந்த எழுத்து புரியாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. வேலைக்குப் பெரிய மரியாதை ஒன்று உண்டு. ஒரு கையெழுத்தை முதலில் முழுதாக வாசித்துப் பதிகிறவர் அதன் 'முதல் வாசகர்'. அவர் பெயர் அந்தத் தாளோடு என்றைக்கும் நிற்கும்.

வடிவு பல வருடங்களாக ஒரே புத்தகத்தோடு இருந்தாள். பெயர் எழுதி வைக்காத ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் வீட்டுப் புத்தகம் அது. முன்பக்கத்திலிருந்து இருமலுக்குக் கஷாயம், பழப்பாகு, குதிரைப் புண்ணுக்குக் களிம்பு. புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் பாட்டுகள். கஷாயமும் பாட்டும் நடுவில் சந்தித்துக்கொள்ளும் இடத்தில் எழுத்து மிகவும் நெருங்கி, மை தாளைத் தின்றிருந்தது. அங்கேதான் கடைசிப் பாட்டு இருந்தது. ஒரு எழுத்துக்கு ஒரு நாள் என்றுகூட வடிவு உட்கார்ந்திருக்கிறாள். தெரியாத சொல்லுக்காகக் கோயிலில் விளக்குப் போட்டிருக்கிறாள்.

அப்போதுதான் அவள் தம்பி நம்பியின் மனைவி ஆவுடை வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய வலது கண்ணில் எழுத்துக்கண் பொருத்தியிருந்தார்கள். எந்தக் காலத்துக் கிறுக்கலானாலும் அந்தக் கண் பார்த்த உடனே இன்றைய எழுத்தாக மாற்றிக் காட்டிவிடும். வந்த வாரத்திலேயே ஒரு அலமாரியை முடித்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வடிவின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"இத்தன வருசமா நாங்க என்ன, பூசணிக்காயா நறுக்கிட்டு இருந்தோம்?" என்று வடிவு தம்பியிடம் கேட்டாள். அவன் வழக்கம்போல் இரண்டு பக்கமும் தலையாட்டினான்.

வடிவு நல்ல பெண்தான். அடுத்தவருக்குக் காய்ச்சல் என்றால் அவர்கள் முறைக்கும் சேர்த்து மூச்சு விடுவாள். ஆனால் ஆவுடை சிரிக்கும்போது மட்டும் நெஞ்சில் ஏதோ புளித்தது. இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டே ஆவுடையின் கண்ணில் தூசி விழ வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுபடியும் நினைத்தாள்.

குகையின் தலைமைக் காப்பாளர் தளவாய், வீட்டுப் புத்தகத்தை ஆவுடையிடம் கொடுத்துவிடச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுமே என்றார். வடிவு அதை எடுத்துப்போய் ஆவுடையின் மேசையில் வைத்தாள், கைமாறியதாகப் பதிவேட்டிலும் எழுதினாள். ஆவுடை சாப்பிடப் போயிருந்தாள். வடிவு இரண்டடி நடந்தாள். திரும்பி வந்தாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

காப்பகத்தில் ஒரு பொருளை ஒளிக்கப் பெரிய தந்திரம் வேண்டாம். வேறு பெட்டியில் வைத்தால் போதும். பிறகு அது உலகத்தில் இல்லை. வடிவு தேர்ந்தெடுத்தது கடைசி வரிசையில் இருந்த அடுப்புவரிப் பெட்டி. அந்தக் கால அரசாங்கம் எந்த வீட்டில் எத்தனை அடுப்பு என்று எண்ணி வரி வாங்கியதாம். அந்தத் தோல் சுருள்கள் அதில் கிடந்தன. எப்போதோ வாசித்து முடித்தவை. யாரும் கேட்பதில்லை. தோலுக்கு அதிக மூச்சும் ஆகாது. மாதம் ஒருமுறை போதும். புத்தகத்தை வெறுமனே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. துவைத்துத் துவைத்து மெலிந்த தன் பழைய சேலைத் துண்டில் சுற்றி வைத்தாள்.

புத்தகம் காணவில்லை என்று தெரிந்ததும் தளவாய் பதிவைப் பார்த்தார். கடைசியாக இருந்தது ஆவுடையிடம். அவர் குரலை உயர்த்துகிற மனிதர் அல்ல. அடுத்த கப்பல் வருவதற்குள் கிடைக்காவிட்டால் எழுத்துக்கண்ணை எடுத்துவிட்டு அவளைப் பூமிக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். நம்பியும் கூடப் போக வேண்டியதுதான். ஆவுடை தன் மூச்சு முறைக்குப் போய்விட்டாள்.

வடிவுக்கு முதல் நாள் சோறு ருசித்தது. அதற்குப் பிறகு ருசிக்கவில்லை. நம்பி அக்காவிடம் வந்து, ஆவுடை அப்படிச் செய்கிறவள் இல்லை, நீங்கள் கொஞ்சம் தளவாயிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சினான். அது போதாதென்று இன்னொரு பயம் வந்தது. அந்தத் தாளுக்குத் தினமும் மூச்சு வேண்டும். மாதம் ஒருமுறை திறக்கும் பெட்டியில் அது பொடிந்துவிடும். யாருக்கும் கொடுக்க மனமில்லாததைத் தானே கொன்றுகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

எல்லோரும் சாப்பிடப் போன வேளையில் கடைசி வரிசைக்கு ஓடினாள். அடுப்புவரிப் பெட்டி திறந்திருந்தது. அதன் முன்னால் ஆவுடை உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். சேலைத்துண்டு விரிந்து, அதன்மேல் புத்தகம் மூடியபடி கிடந்தது.

புதிதாக வந்தவர்களின் தலையில்தான் கடைசி வரிசையின் மூச்சு முறையைக் கட்டுவார்கள். வடிவு அதை மறந்திருந்தாள்.

"எப்ப பாத்த?" என்றாள்.

"அன்னைக்கு மறுநாளே. இந்தப் பெட்டிக்கு மாச முறை அன்னைக்குத்தான். சேலையப் பாத்ததும் தெரிஞ்சிட்டு, மதினி."

"பெறவு ஏன் எடுத்துக் குடுக்கல? ஒன்ன அனுப்பப் போறாங்கட்டி."

"எடுத்துக் குடுத்தா எங்க இருந்துச்சுன்னு கேப்பாரு. பொய் சொல்ல எனக்கு வராது. நீங்களே வந்து எடுப்பீங்கன்னு இருந்தேன். அதுவரைக்கும் காஞ்சிரக் கூடாதுல்லா. அதான் தெனமும் சோத்து நேரத்துல வந்து உக்காருதேன்."

வடிவு தரையில் உட்கார்ந்தாள். அவள் கண் புத்தகத்துக்குப் போனதிலேயே, படித்துவிட்டாயா என்ற கேள்வி ஆவுடைக்குப் புரிந்தது.

"படிக்கல. கண்ண அமத்தி வச்சிருக்கேன்." சேலைத்துண்டின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு சொன்னாள்: "உங்களப் பாத்தா எனக்கு எரிச்சலா இருக்கும் மதினி, தெரியுமா? ஒரு எழுத்த வச்சிக்கிட்டு நாள் பூராவும் மயங்கிப் போயி இருப்பீங்க. இந்தக் கண்ணு எல்லாத்தையும் உடனே சொல்லிருது. எனக்கு ஆச வாறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருது. நானும் கும்பிட்டிருக்கேன், இந்தப் பொம்பளைக்கி ஒரு தலவலியாவது வரட்டும்னு."

"வந்துச்சு," என்றாள் வடிவு. "ரெண்டு நாளா மண்ட இடி."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பின் ஈரமும் பெட்டிக்குள்தான் போனது.

வடிவு தளவாயிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஒரு வருடத்துக்குக் கடைசி வரிசை முழுவதும் வடிவின் முறை என்றார். ஆவுடையிடம் மன்னிப்புக் கேட்டார்.

கடைசிப் பாட்டை வடிவும் ஆவுடையும் சேர்ந்து வாசித்தார்கள். எழுத்துக்கண் விழித்தபோதுதான் ஒன்று தெரிந்தது: மை தின்ற இடங்களில் அதற்கும் ஓட்டைதான். அங்கே என்ன சொல் இருந்திருக்கும் என்று வடிவு அந்தப் பெண்ணின் பழக்கத்தை வைத்துச் சொன்னாள். அந்தச் சொல்லின் மிச்சக் கீற்று இருக்கிறதா என்று ஆவுடை பார்த்தாள். பாட்டு பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றியது. அவளுடைய தேனீக்கள் இவள் தோட்டத்துப் பூவில் குடித்துவிட்டு அங்கே போய்த் தேன் வைக்கின்றன. அதைப் பொறுக்க முடியவில்லை, ஆண்டவனே, என்கிறாள். இந்தப் பாட்டுக்கு அதற்குமேல் முடிவு எதுவும் இல்லை. கீழே தலைகீழாக ஓர் இருமல் கஷாயம் வந்துவிடுகிறது. அதில் தேன் சேர்க்கச் சொல்லியிருக்கிறது.

முதல் வாசகராக ஒரு பெயரைத்தான் பதிவுப்பொறி ஏற்கும். அன்று மாலை வடிவு யாருக்கும் சொல்லாமல் ஆவுடையின் பெயரைப் பதிந்தாள். சற்று முன்னால் ஆவுடை யாருக்கும் சொல்லாமல் வடிவின் பெயரைப் பதிந்திருந்தாள். அறிஞர்களின் பல நூற்றாண்டு வழக்குகளைப் படித்து வளர்ந்த பொறி அது. இது எனது என்று இருவர் வந்தால் தீர்த்து வைக்க அதற்குத் தெரியும். இது அவளது என்று இருவர் வந்ததை அது எங்கும் படித்ததில்லை. இரண்டும் மோசடி என்று முடிவு செய்து, 'முதல் வாசகர்: பெயர் அறியப்படவில்லை' என்று எழுதிப் பூட்டிவிட்டது. தளவாய் எவ்வளவோ முறையிட்டும் அது திறக்கவில்லை. அவர்கள் இருவரும் முறையிடவில்லை.

அந்த வாசிப்பு பூமியில் பெரும் புகழ் பெற்றது. மங்கிய எழுத்தை வாசிக்கும் இத்தனை கூர்மையும், எழுதியவளின் மனத்தை அறியும் இத்தனை பரிவும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்தன என்று வியந்தார்கள். அந்தப் பெயர் அறியாத மேதை எங்கள் ஊர்க்காரர் என்று மூன்று நகரங்கள் சிலை வைத்தன. ஒரு நகரத்தின் கருத்தரங்குக்கு மற்ற நகரத்தார் போவதில்லை. பேராசிரியர்கள் ஒருவர் நூலை ஒருவர் மேற்கோள் காட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஒருமுறை ஒரு மாணவி, இது இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலையாக இருக்குமோ என்று கேட்டாள். மூன்று நகரத்து அறிஞர்களும் ஒன்றுபட்டது அந்த ஒரு கேள்வியில்தான். இருவர் செய்திருந்தால், இவ்வளவு பெரிய பெயரை ஒருவராவது தனக்கென்று கேட்காமல் இருந்திருப்பாரா என்று அவர்கள் கூட்டாகக் கேட்டார்கள். பிறகு அந்தப் பதிலை முதலில் சொன்னது யார் என்று தங்களுக்குள் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.