மூன்றாவது மரை

செவ்வாய்க்கிழமை காலை 8.40. தேநீர்க் கோப்பையோடு கொட்டகைக்குள் போன மனைவியின் காதில் முதலில் விழுந்தது மோட்டார் சத்தம். அப்புறம்தான் கணவனைப் பார்த்தாள். தரையில் ஒருக்களித்துக் கிடந்தான். நெற்றிப்பொட்டில் ஒரே அடி. மூச்சு இல்லை. அவன் சொந்தமாகக் கட்டிய, கணினி கட்டளைப்படி பொருட்களைச் செதுக்கும் சிஎன்சி மெஷினின் இரண்டு மீட்டர் திருகுத்தண்டு மோட்டார் பக்கம் கழுத்து ஒடிந்து, வில்லாக வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

9.50-க்கு அவனுடைய அக்கா வந்தாள். ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. முடியளவு பிசகினாலும் விடமாட்டாள் என்பதால் அங்கே அவளுக்கு மைக்ரான் அக்கா என்று பெயர். தம்பியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பினாள்.

"வீட்ல செஞ்ச மெஷின். ஆசைக்கு வேகத்தைக் கூட்டியிருப்பாரு," என்றார் முன்பே வந்திருந்த போலீஸ் ஆய்வாளர்.

அவள் கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரையைக் காட்டினாள். ஒரு மாதமாக நிமிடத்துக்கு அறுநூறு சுற்று. அன்றும் அதே அறுநூறுதான்.

அவருக்குப் புரியும்படி அவளே விளக்கினாள். நீளமான மெல்லிய தண்டு வேகமாகச் சுற்றினால் நடுவில் தொப்பை தள்ளும். இருவர் பிடித்துச் சுழற்றுகிற ஸ்கிப்பிங் கயிறு மாதிரி வீசும். அதற்கு மேல் போனால் சாட்டைதான். அதைத் தடுக்கத் தம்பி இரண்டு முனைகளையும் பேரிங்கில் பிடித்து, கடைக்கோடியில் வெட்டியிருந்த மரையில், அதாவது திருகு வரியில், ஒரு நட்டை முறுக்கித் தண்டை விறைப்பாக இழுத்து வைத்திருந்தான். நட்டு நகர்ந்தால் தெரியவேண்டுமென்று, நட்டின் மேலும் தண்டின் முனை மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு. தினமும் காலையில் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் மெஷினைப் போடுவான்.

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். மஞ்சள் கோடு நேராக இருந்தது. "நட்டு நகரலையேம்மா. அப்போ விபத்துதான்."

அந்தக் கோடு போடும் வழக்கத்தைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அதனால் அவளால் அங்கிருந்து நகர முடியவில்லை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். நட்டும் தண்டும் சேருமிடத்தில் மஞ்சள் பெயின்ட் விரிசல் விட்டிருந்தது. காய்ந்த பெயின்ட் தானாக அப்படி அறுந்துபோகாது. போன மாதம் கோடு போட்ட கையோடு தம்பி அனுப்பிய படத்தைக் கைபேசியில் பெரிதாக்கினாள். படத்தையும் நட்டையும் மாறிமாறி வெகுநேரம் பார்த்தாள். பிறகு கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

11.15. மெஷின் கடைசியாக ஓடியது சனிக்கிழமை. அதன் பிறகு, ஞாயிற்றுக்கிழமை, கொட்டகைக்கு வந்துபோனவர்கள் இரண்டு பேர் என்றாள் தம்பி மனைவி. முதலாவது, தம்பி மனைவியின் அண்ணன், லாரி ஓட்டுபவர். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் நாள் முழுக்க இந்த இரைச்சலா என்று சண்டை போட்டு, இந்த மெஷினே ஒருநாள் உன்னைத் தின்னப்போகுது என்று தெருவே கேட்கக் கத்தியவர். இரண்டாவது, மெஷினுக்கு வயரிங் செய்த கூட்டாளி. முந்தைய மெஷினில் இடது கையில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவன். அவனாகத்தான் கையை உள்ளே விட்டான் என்று தம்பி ஊரெல்லாம் சொல்லியிருந்தான். அவனும் மறுத்ததில்லை.

ஆய்வாளரின் சந்தேகமெல்லாம் லாரிக்காரர் மேல். அன்று எத்தனை மணிக்கு வந்தார், எதைத் தொட்டார் என்று குடைந்தார். தான் மெஷின் பக்கமே போகவில்லை என்று அவர் சாதித்தார். வயர்மேன் பதில் சொல்லச் சொல்லக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அக்கா எட்டு நாள் பொறுத்தாள். தம்பியைக் கொன்றவன் சோறு தின்கிறான், சட்டை மாற்றுகிறான் என்ற நினைப்பு அவளை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. தொழிற்சாலையில் அனுமதி வாங்கி, அதே அளவில் ஒரு புதுத் தண்டைத் தன் கண் முன்னால் கடைந்து வாங்கினாள். தானே பொருத்தினாள். நட்டை முறுக்கினாள். மஞ்சள் கோடும் போட்டாள். ஆய்வாளரிடம் மட்டும் முன்கூட்டியே ஏதோ சொல்லிவைத்தாள்.

புதன்கிழமை மாலை 4.10. லாரிக்காரரும் வயர்மேனும் மெஷினின் கடைக்கோடியில், நட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஆய்வாளரும் தம்பி மனைவியும் வாசலில் நின்றார்கள்.

"அதே அறுநூறுல ஓட்டப்போறேன். என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சிடும். கோடு சரியா இருக்கா, ரெண்டு பேரும் பாத்துக்கங்க," என்றாள் அக்கா.

லாரிக்காரர் கோட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். வயர்மேனும் கோட்டைப் பார்த்தான். ஆனால் அவன் பார்வை அங்கே நிற்காமல் நட்டைத் தாண்டித் தண்டின் நுனிக்குப் போனது.

முந்நூறு. தண்டு வழுவழுவென்று சுற்றியது. நானூறு. வயர்மேன் ஓரடி பின்வாங்கினான். அவள் வேகம் கூட்டும் கைப்பிடியை இன்னும் திருகினாள். ஐந்நூறு தொடவில்லை, அவன் லாரிக்காரரை இடித்துத் தள்ளிவிட்டுச் சுவரோரம் பாய்ந்தான்.

"நிறுத்துக்கா. லூஸா இருக்கு. அடிச்சிடும்."

அவள் நிறுத்தவில்லை. அறுநூறுக்கே கொண்டுபோனாள். தண்டு துளியும் வீசாமல் சுற்றியது. அவன் அதைப் பார்த்தான். அவள் முகத்தையும் பார்த்தான். அதன் பிறகுதான் அவள் மோட்டாரை அணைத்தாள்.

"கோடு நேரா இருக்கு. லூஸுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

பிறகு ஆய்வாளர் பக்கம் திரும்பிச் சொன்னாள். நட்டைக் கால் சுற்று, அரைச் சுற்று தளர்த்தினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். சரியாக ஒரு முழுச் சுற்று தளர்த்தினால் கோடு மறுபடி நேராக வந்து நிற்கும். விறைப்பு மட்டும் போய்விடும். கோட்டை மட்டும் பார்க்கிறவன் ஏமாந்துபோவான். ஆனால் நட்டு நுனிப்பக்கம் நகர்வதால் ஒரு சுற்றுக்கு ஒரு மரை நட்டுக்குள் மறைந்துவிடும். தம்பி அனுப்பிய படத்தில் நட்டுக்கு வெளியே தெரிந்த மரை மூன்று. செத்த அன்று தெரிந்தது இரண்டு.

"கோடுன்னா என்னன்னே தெரியாதவர் அதை நேரா கொண்டுவந்து நிறுத்தியிருக்க மாட்டார். லாரிக்காரர் இல்லைன்னு அப்பவே தெரியும். ஆனா அது போதலை. அதான் புதுத் தண்டோட நுனில ஒரு மரையைச் சீவிட்டேன். விறைப்பு முழுசா இருக்கு, பாக்க ரெண்டுதான் தெரியும். ரெண்டு தெரிஞ்சா லூஸுங்கிற கணக்கு இந்தக் கொட்டகையில ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

வயர்மேன் இடது கையைத் தூக்கிக் காட்டினான். "நான் கையை விடலைக்கா. நான் உள்ளே இருக்கும்போது அவன் பாக்காம பட்டனைப் போட்டான். எல்லார்கிட்டயும் ஒரு தடவை உண்மையைச் சொல்லுன்னு ஒரு வருஷமா கெஞ்சினேன். ஞாயித்துக்கிழமையும் கேட்டேன். சிரிச்சான்."

அக்கா தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். "உண்மையா?"

"உண்மைதான் அண்ணி," என்றாள் அவள் தரையைப் பார்த்தபடி. "என்கிட்ட ஒத்துக்கிட்டார்."

அந்த ஒரு சொல் அக்காவின் நெஞ்சில் கல்லாக விழுந்தது. இருந்தும் அவள் குரல் இறங்கவில்லை. "அவன் மேல கேஸ் போட்டிருக்கலாம். அவன் கையை ஒடிச்சிருக்கலாம். நானே உனக்குச் சாட்சி சொல்லியிருப்பேன். நீ உயிரை எடுத்திட்டே."

4.50-க்கு ஆய்வாளர் அவனை ஜீப்பில் ஏற்றினார்.

வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. தம்பியின் மேல் தப்பு இருந்ததா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டபோது, இருந்தது என்று அக்கா கூண்டில் நின்று ஒளிக்காமல் சொன்னாள். ஆயுள் தண்டனை என்று நீதிபதி வாசிக்கும்போது வயர்மேனின் முகத்தைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இவளைப் பார்க்கவேண்டுமென்று காத்திருந்தாள். பார்த்தான். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. வெளியே வந்ததும் தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு எதிரிலிருந்த உணவுக்கடைக்குப் போய், எத்தனையோ நாளுக்குப் பிறகு இரண்டாம் முறையும் சோறு வாங்கி வயிறாரச் சாப்பிட்டாள்.