அம்மா போடாத கோடு

கடுகின் மூக்கு நுனி சிவந்துவிட்டால் தள்ளி நிற்பதுதான் நல்லது. ஆள் சின்னது. வெடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்தப் பெயர் பின்னே எப்படி வந்ததாம்?

அன்று சாயங்காலம் அவள் பள்ளிவிட்டு வந்தபோது, அவளுக்கு முன்பாகவே தெரு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து லாரி ஆலையிலிருந்து புத்தம் புது லாரி ஒன்றை ஓட்டிப் பார்க்க வெளியே எடுத்திருக்கிறார்கள். வளைவில் திரும்பும்போது அதன் வலது சக்கரம் கழன்று, தெருவில் உருண்டு, சைக்கிள் கடைக்குள் புகுந்துவிட்டது.

"டீ குடிக்கப் போனேன், பொழைச்சேன்! யாருய்யா பார்த்த வேலை இது?" என்று கத்தினார் சைக்கிள் கடைக்காரர்.

"இதோ, இவங்கதான்" என்று கையை நீட்டினார் ஆலையின் சூப்பர்வைசர்.

அங்கே நின்றது கடுகின் அம்மா!

ஆலையில் சக்கர நட்டுகளை மெஷினால் முறுக்குவது அம்மாவின் வேலை. முறுக்கி முடித்ததும் நட்டுக்கும் சக்கரத்துக்கும் சேர்த்து, மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். நட்டு துளி நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். முறுக்கினவர்தான் கோடு போடணும். வேறு யாரும் பேனாவைத் தொடக்கூடாது.

"சக்கரத்துல கோடு இருக்கு பாருங்க சார். முறுக்காமலே போட்டிருக்காங்க. இவங்களை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடுங்க" என்று சூப்பர்வைசர், சத்தம் கேட்டு ஆலையிலிருந்து ஓடிவந்த மேனேஜரிடம் சொன்னார்.

"ஐயோ, இல்ல சார்!" என்றாள் அம்மா. "இடது பக்கம் முறுக்கி முடிச்சேன். வலது பக்கம் வந்தப்போ மெஷின் நின்னுபோச்சு. மெக்கானிக்கைக் கூப்பிட ஓடினேன். திரும்பி வந்தா வண்டியையே காணோம். இவரைக் கேட்டதுக்கு, 'நான் பார்த்துக்கறேன், நீ அடுத்த வண்டிக்குப் போ'ன்னார்."

"நானா? நல்லா கதை விடறீங்கம்மா!"

"குழந்தைங்க நடமாடற தெருவும்மா இது. உனக்கும் ஒண்ணு இருக்கில்ல?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. நேற்றுவரை அம்மாவிடம் சிரித்துச் சிரித்துப் பேசியவள்தான்.

கடுகின் மூக்கு சிவந்தது. காது சிவந்தது. அந்த சூப்பர்வைசரின் கையைக் கடித்துவிடலாமா என்றுகூட இருந்தது. பையைத் தொப்பென்று போட்டுவிட்டுச் சக்கரத்தின் அருகே போய்க் குனிந்தாள்.

பத்து ஓட்டைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பாதி மஞ்சள் கோடு. கோட்டின் வெளி நுனியில் குண்டாக ஒரு புள்ளி.

குண்டுப் புள்ளி! அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

வீட்டிலும் அம்மாவின் கை சும்மா இருக்காது. பிஸ்கட் டப்பாவின் திருகு மூடியிலும் மஞ்சள் கோடு உண்டு. ஒரு நாள் கடுகு நாலு பிஸ்கட்டைக் காலி பண்ணிவிட்டு, பழைய கோட்டைச் சுரண்டி எடுத்து, தானே புதுக் கோடு போட்டுவைத்தாள். அம்மா ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள்.

"பேனாவை முதல்ல வைக்கிற இடத்துல பெயிண்ட் குண்டா நிக்கும்டி. நான் மூடியில வெச்சு வெளியே இழுப்பேன். நட்டுலயும் அப்படித்தான். உன் குண்டு வெளியே இருக்கே, திருட்டுப் பூனை!"

லாரியின் இடது பக்கத்துக்கு ஓடினாள் கடுகு. அங்கே புள்ளிகளெல்லாம் நட்டின் மேல் இருந்தன.

இப்போதே வெடித்திருப்பாள். ஆனால் வெடித்தால் அந்த ஆள் உஷாராகிவிடுவார். கோபத்தை மென்று விழுங்கினாள். பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள், அம்மாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள்.

"சார், கோடு எப்படிப் போடணும்? இதுல போட்டுக் காட்டுங்களேன்" என்றாள், வெல்லமாய்க் குழைந்து.

ஊரே பார்க்கிறது. சூப்பர்வைசருக்கும் கொஞ்சம் பெருமை. "இதென்ன பிரமாதம்?" என்று டப்பாவின் உடம்பில் பேனாவை வைத்து, மூடியை நோக்கிச் சர்ரென்று இழுத்தார்.

குண்டுப் புள்ளி வெளியே!

"பொய்! பச்சைப் பொய்!" வெடித்தாள் கடுகு. "இந்தக் கோடெல்லாம் இவர் போட்டது! எங்கம்மா நட்டுல ஆரம்பிப்பாங்க. இடது பக்கம் பாருங்க, அப்புறம் இந்தச் சக்கரத்தைப் பாருங்க!"

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அங்கே பார்த்தார், இங்கே பார்த்தார், டப்பாவையும் பார்த்தார். "எத்தனை வண்டிய்யா இப்படி?" என்று கேட்டார்.

சூப்பர்வைசரின் தலை தொங்கியது. "இன்னும் ரெண்டு... இன்னிக்குள்ள முப்பது வண்டி வெளியே போயாகணும்னு நீங்கதானே சார் கத்தினீங்க."

"அதுக்காக எங்க உயிரோட விளையாடுவீங்களா?" என்று சைக்கிள் கடைக்காரர் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டார். மேனேஜர் அவசரமாக ஆலைக்குப் போன் போட்டார். நல்ல வேளை, அந்த இரண்டு லாரிகளும் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை.

"நாளைக்கு நீங்க வேலைக்கு வாங்கம்மா" என்ற மேனேஜர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "நீங்க வர வேண்டாம்."

சூப்பர்வைசர் அம்மாவிடம் வந்து, "மன்னிச்சுக்கோங்க" என்று முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் அம்மா. "பழி போட்டப்போ தெருவுக்கே கேட்டுச்சே!"

அவர் சத்தமாகவே சொன்னார். எதிர்வீட்டுக்காரி மெல்ல நழுவப் பார்த்தாள். கடுகு முறைத்த முறைப்பில் அவளும் நின்று ஒரு மன்னிப்பு கேட்டுவிட்டுத்தான் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். உற்றுப் பார்த்தாள். கோடு நேராக இருந்தது. குண்டுப் புள்ளியும் மூடியின் மேல்தான் இருந்தது.

திறந்தால், டப்பா பாதி காலி!

அம்மா கடுகைப் பார்த்தாள். கடுகு கூரையைப் பார்த்தாள்.

"இப்ப என் கோட்டையே போடக் கத்துக்கிட்டியா?" என்று அம்மா அவள் காதைப் பிடித்தாள். பிடித்த கையாலேயே இழுத்து அணைத்து, மீதிப் பிஸ்கட்டையும் அவள் மடியில் கொட்டினாள்.